அதிர்ஷ்டப் பொருள்களுக்குத் தடை வேண்டுமா? டர்பன் போக்கிமான் போட்டிக்கான விதிகள்

மண்டபப்பொறுப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் நாம் நடத்தும் போக்கிமான் போட்டிக்கான விதிகளை இந்த மாதத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். தமிழ் வகுப்பு முடிந்த பிறகுதான் மண்டபம் நம் கைக்கு வருகிறது. மாலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நேரம் குறைவு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

சென்ற முறை அரையிறுதியில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு எனக்கு வந்த புகார்கள் எல்லாம் ஒரே ராகம்: அதிர்ஷ்டத்தை நம்பி நிற்கும் பொருள்களைத் தடை செய்யுங்கள். பட்டியலில் இருப்பவை குவிக் கிளா, பிரைட் பவுடர், கிங்ஸ் ராக், ஃபோகஸ் பேண்ட். கிரிட்டிக்கல் அடி, அதாவது கூடுதல் சேதம் செய்யும் அடி, விழும் வாய்ப்பைக் கூட்டும் ஸ்கோப் லென்ஸையும் ஒருவர் சேர்த்திருக்கிறார்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு முறை என்றால் இரு பக்கமும் ஆளுக்கொரு நகர்வு, வேகம் கூடியது முந்தும். ஒவ்வொரு போக்கிமானும் ஒரு பொருளை வைத்துக்கொள்ளலாம். குவிக் கிளா இருந்தால், எவ்வளவு மந்தமான போக்கிமானும் ஒவ்வொரு முறையும் 20 சதவீத வாய்ப்பில் முந்திக்கொண்டு தாக்கும். பிரைட் பவுடர் வைத்திருப்பவரைக் குறிவைக்கும் தாக்குதல்களில் பத்தில் ஒன்று கூடுதலாகத் தவறும். கிங்ஸ் ராக் வைத்திருப்பவரிடம் அடி வாங்கியது 10 சதவீத வாய்ப்பில் திகைத்துப்போய் அந்த முறையை இழக்கும். ஃபோகஸ் பேண்ட் இருந்தால் வீழ்ந்திருக்க வேண்டிய அடியிலும் 10 சதவீத வாய்ப்பில் ஒரே ஓர் உயிர்ப்புள்ளியோடு தப்பி நிற்கும்.

ஆடப்போவது ஸ்விட்ச் கையடக்கக் கருவிக்கான ஸ்கார்லட்–வயலட் ஆட்டம். ஒற்றைப் போர், 50ஆம் நிலை, ஆறில் மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஓர் அணியில் ஒரே பொருள் இரு முறை வரக்கூடாது. ஒரே ஆட்டம், தோற்றால் வெளியே. இதில் எதை மாற்றலாம்?


கத்திநடனம் எழுதியது:

நான்தான் அந்த அரையிறுதியில் தோற்றவன். ஆகவே என் பேச்சில் காரம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கார்சோம்ப் முழு உயிரோடு வந்தது. எதிரே டோர்கோல், அதாவது ஆமை. கார்சோம்பின் அடிப்படை வேகம் 102, டோர்கோலின் வேகம் 20. நான் சோர்ட்ஸ் டான்ஸ் போட்டுத் தாக்கும் வலிமையை இரட்டிப்பாக்கினேன். அது எரப்ஷன் என்ற நெருப்புத் தாக்குதலை அடித்தது, என் உயிரில் பாதிக்கு மேல் போனது. பரவாயில்லை, அடுத்த முறை என் எர்த்குவேக்கில் அது காலி. பொத்தானை அழுத்தினேன். திரையில் குவிக் கிளா என்று எழுத்து ஓடியது. ஆமை முந்திக்கொண்டது. இரண்டாவது எரப்ஷன், ஆட்டம் முடிந்தது.

ஆறு மாதம் அணியைச் செதுக்கிக்கொண்டு வந்தவனை ஐந்தில் ஒரு பங்கு குருட்டு அதிர்ஷ்டம் வீட்டுக்கு அனுப்புகிறது. இதற்குப் பெயர் போட்டியா? நான்கையும் தடை செய்யுங்கள் என்பது என் வாக்கு.


ஆமைக்காரன் எழுதியது:

அந்த ஆமை என்னுடையதுதான், தம்பி. ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம் என்று சொல்ல மாட்டேன், உனக்கு நன்றாகவே ஆடத் தெரியும். ஆனால் குவிக் கிளா எனக்கு இலவசமாக வந்ததில்லை. அதே இடத்தில் லெஃப்ட்ஓவர்ஸ் வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் பதினாறில் ஒரு பங்கு உயிர் திரும்ப வந்திருக்கும், நிச்சயமாக. சாய்ஸ் ஸ்பெக்ஸ் வைத்திருந்தால் என் எரப்ஷன் ஒன்றரை மடங்கு ஏறியிருக்கும், அதுவும் நிச்சயமாக. உறுதியாக வரக்கூடியதை விட்டுவிட்டு ஐந்தில் நான்கு முறை ஒன்றுமே செய்யாத பொருளை எடுத்தேன். அந்த நான்கு முறை நான் தோற்கும்போது யாரும் எனக்காக இங்கே இழை திறந்ததில்லை.

அதிகாரப்பூர்வ உலகப் போட்டிகளின் விதிகளிலும் குவிக் கிளாவுக்குத் தடை கிடையாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.


நிகழ்தகவுவாத்தியார் எழுதியது:

இரண்டு பேரும் ஆட்டத்தின் முடிவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அதற்கு முந்தைய முறையைப் பார்க்கிறேன். அன்று மேசைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு அணிகளின் புள்ளிகளையும் பிறகு கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டேன்.

கார்சோம்ப் 183 உயிர்ப்புள்ளிகள். டோர்கோல் 177. எரப்ஷனின் வலிமை அடிப்பவரின் உயிரைப் பொறுத்தது: முழு உயிரில் 150, உயிர் குறையக் குறைய அதே விகிதத்தில் இறங்கும். டோர்கோல் வந்தாலே வெயில் வரும், நெருப்புக்கு அது ஒன்றரை மடங்கு. முழு உயிரில் இருக்கும் டோர்கோலின் எரப்ஷன் கார்சோம்புக்கு 91 முதல் 108 வரை சேதம் செய்யும். இரண்டு அடி வாங்கினால் கார்சோம்ப் விழுவது ஏறத்தாழ உறுதி. விழுந்தது.

இப்போது மற்ற வழி. முதல் முறையே சோர்ட்ஸ் டான்ஸ் இல்லாமல் நேராக எர்த்குவேக். சேதம் 132 முதல் 156 வரை. டோர்கோல் சாகாது, ஆனால் 21 முதல் 45 புள்ளிகளோடு நொண்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் அதன் எரப்ஷன் 28 புள்ளிக்கு மேல் எடுக்காது. குவிக் கிளா ஒரு முறை இல்லை, இரண்டு முறையும் வேலை செய்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் 108, பிறகு 28. கார்சோம்ப் அப்போதும் 47 புள்ளிகளோடு உயிரோடு இருக்கும், அடுத்த எர்த்குவேக்கில் டோர்கோல் காலி.

குவிக் கிளா செல்லாக் காசாகிவிடும் ஒரு வழி அந்த மேசையிலேயே கிடந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது.


கத்திநடனம் எழுதியது:

வாத்தியார் ஐயா, கணக்கு சரி. ஆனால் டோர்கோலிடம் குவிக் கிளா இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அது வேலை செய்யும் வரை திரையில் எதுவுமே காட்டாது. தெரியாத ஆபத்துக்கு யார் கணக்குப் போடுவது? அதோடு பின்னால் ஒரு போக்கிமான் காத்திருந்தது, அதை வீழ்த்த எனக்கு சோர்ட்ஸ் டான்ஸ் தேவைப்பட்டது. 20 வேகத்தில் இருக்கும் ஆமை முந்தும் என்று எண்ணி ஆடுபவன் எந்த ஆட்டத்திலும் ஜெயிக்க மாட்டான்.


நிகழ்தகவுவாத்தியார் எழுதியது:

தெரியாது என்று சொன்னாயே, தம்பி, என் வழக்கே அதுதான். உன்னைக் கவிழ்த்தது 20 சதவீதம் அன்று. அந்த 20 சதவீதம் அங்கே இருக்கிறது என்பதை அறியாமல் ஆடியதுதான்.


ஓவர்போர்ட்வாசி எழுதியது:

நான் ஸ்மாஷ் என்ற சண்டை விளையாட்டு ஆடுகிறவன், போக்கிமான் அரைகுறை. எங்கள் பக்கத்தில் இந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. 2001இல் வந்த மெலே என்ற ஸ்மாஷ் ஆட்டத்தில் வானத்திலிருந்து விழும் பெட்டி சில நேரம் திறக்கும், சில நேரம் வெடிக்கும். அடிக்கப் போனவனே செத்துப்போவான். போட்டிகளில் பொருள்களை அணைத்துவிட்டார்கள், அதோடு சரி. 2008இல் எவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியில் அடுத்த ஸ்மாஷான பிரால் ஆட்டத்தைப் பொருள்களோடு நடத்திப் பார்த்தார்கள். அந்த வழக்கம் நிலைக்கவில்லை.

நான்கையும் அணைத்துவிட்டு ஆடுங்கள். இதற்கு இவ்வளவு பேச்சா?


ஏணிக்காரன் எழுதியது:

ஓவர்போர்ட் அண்ணா, அணைத்த பிறகும் உங்கள் ஆட்டத்தில் அதிர்ஷ்டம் இருந்ததே! பிராலில் ஓடுகிறவன் திடீரென்று தடுக்கி விழுவான், அதை அணைக்கப் பொத்தானே கிடையாது. பீச் என்ற பாத்திரம் பிடுங்கும் கிழங்கு எப்போதாவது வெடிகுண்டாக வரும். இன்னொரு பாத்திரமான கேம் அண்ட் வாட்சின் சுத்தியல் ஒன்று முதல் ஒன்பது வரை எந்த எண்ணைக் காட்டும் என்று அவருக்கே தெரியாது. 2019இல் ஹீரோ என்ற புதுப் பாத்திரம் வந்தபோது அவருடைய மந்திரப் பட்டியல் ஒவ்வொரு முறையும் குலுக்கிப் போட்டு வருகிறது என்பதற்காகத் தெற்கு ஆஸ்திரேலியாவில் அவரையே தடை செய்தார்கள். எங்கே கோடு போடுவது என்ற கேள்வி உங்களுக்கும் முடியவில்லை.

போக்கிமானில் அது இன்னும் சிக்கல். ஒவ்வோர் அடியின் சேதமும் 85 முதல் 100 சதவீதம் வரை பதினாறு படிகளில் குலுக்கப்படுகிறது. ஒவ்வோர் அடிக்கும் 24இல் ஒரு பங்கு கிரிட்டிக்கல் வாய்ப்பு. ஐஸ் பீம் பத்தில் ஒரு முறை உறைய வைக்கும். ஹைட்ரோ பம்ப் ஐந்தில் ஒரு முறை தவறும், ஃபோகஸ் பிளாஸ்ட் பத்தில் மூன்று முறை தவறும். டோகெகிஸ் இருந்த முந்தைய ஆட்டங்களில் ஆடியவர்களைக் கேளுங்கள்: அதன் திறன் காரணமாக ஏர் ஸ்லாஷ் 60 சதவீதம் திகைக்க வைக்கும். எதிராளி பக்கவாதத்திலும் இருந்தால், அந்த அடி பட்ட முறையில் அவர் அசைய 30 சதவீத வாய்ப்புதான். அங்கே கையில் அதிர்ஷ்டப் பொருள் எதுவும் இல்லை, கவனியுங்கள்.

ரசிகர்கள் நடத்தும் ஸ்மோகன் தளத்தின் விதிகளில் டபுள் டீம், மினிமைஸ் போன்று குறி தவற வைக்கும் நகர்வுகள் கூடாது. ஒரே அடியில் வீழ்த்துபவை கூடாது. ஸ்கார்லட்–வயலட்டின் ஓயு என்ற முதன்மைப் பிரிவில் பிரைட் பவுடர் கூடாது, கிங்ஸ் ராக்கும் அதே வேலையைச் செய்யும் ரேசர் ஃபாங்கும் கூடாது. ஆனால் குவிக் கிளாவும் ஃபோகஸ் பேண்டும் அங்கே தாராளமாக வரலாம். ஒரே பொருளை ஆறு போக்கிமானுக்கும் கொடுக்கலாம் என்ற இடத்திலேயே குவிக் கிளாவை விட்டுவைத்திருக்கிறார்கள். இங்கே அணிக்கு ஒன்றுதான்.


மண்டபப்பொறுப்பு எழுதியது:

ஏணிக்காரன் தம்பி, கிங்ஸ் ராக் வெறும் 10 சதவீதம், குவிக் கிளா 20 சதவீதம். குறைந்ததைத் தடுத்துவிட்டுக் கூடியதை விடுவது ஏன்?


ஏணிக்காரன் எழுதியது:

ஒரு முறைக்கு எத்தனை தடவை குலுக்குகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும், அண்ணா. குவிக் கிளா முறைக்கு ஒரு தடவைதான் குலுக்கப்படும். கிங்ஸ் ராக் அடிக்கு ஒரு தடவை. கிளாய்ஸ்டரின் ஐசிகிள் ஸ்பியர் அதன் திறனால் எப்போதும் ஐந்து அடி. ஐந்திலும் தப்பிக்க 0.9ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், 59 சதவீதம். அதாவது 41 சதவீத வாய்ப்பில் நீங்கள் திகைத்து நிற்பீர்கள். மௌஸ்ஹோல்டின் பாப்புலேஷன் பாம் பத்து அடியும் பட்டால் 65 சதவீதம். வேகத்தை இரட்டிப்பாக்கும் ஷெல் ஸ்மாஷ் போட்ட கிளாய்ஸ்டர் உங்களை முந்தியே அடிக்கும். அடியும் வாங்குகிறீர்கள், முறையும் போகிறது, அடுத்த முறை மறுபடியும் அதே குலுக்கல். ஒரு பக்கம் சும்மா நிற்க மறுபக்கம் மட்டும் ஆடுவதை ஆட்டம் என்று சொல்ல முடியாது.

பிரைட் பவுடர் வேறு வகை. அது பொருளை வைத்திருப்பவரின் செயலைத் தொடுவதில்லை, எதிராளியின் சரியான முடிவைக் கெடுக்கிறது. 100 சதவீதம் என்று நம்பித் தேர்ந்தெடுத்த தாக்குதல் தவறுகிறது. முந்தைய தலைமுறையில் மணற்புயலில் நிற்கும் கார்சோம்ப், குறி தவற வைக்கும் சேண்ட் வெய்ல் திறனோடு பிரைட் பவுடரும் வைத்திருந்தால் 0.8 பெருக்கல் 0.9, அதாவது 72 சதவீதம்தான் படும். அதை எதிர்த்து ஆடியவர்கள் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள்.


ஆமைக்காரன் எழுதியது:

பிரைட் பவுடரும் கிங்ஸ் ராக்கும் போகட்டும், எனக்கு வருத்தமில்லை. குவிக் கிளா அத்தி பூத்தாற்போல் எப்போதோ வேலை செய்வது. அதைப் போய்…


நிகழ்தகவுவாத்தியார் எழுதியது:

அப்படியும் சொல்லிவிட வேண்டாம். ஐந்து முறை களத்தில் நின்றால் குறைந்தது ஒரு தடவை அது வேலை செய்ய 67 சதவீத வாய்ப்பு. அத்தி அவ்வளவு அடிக்கடி பூக்காது.


கிங்ஸ்மீட்தாத்தா எழுதியது:

பேரன் வழியாக இந்த விளையாட்டு எனக்குத் தெரியும். பொம்மைகளின் பெயர்கள் வாயில் நுழைவதில்லை, விதி பற்றிய சண்டை மட்டும் நன்றாகப் புரிகிறது. இந்த நாட்டில் கிரிக்கெட் பார்த்தவனுக்கு அது புரியாமல் இருக்குமா?

1992 மார்ச் 22, சிட்னி, உலகக் கோப்பை அரையிறுதி. நம் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ஓட்டம் வேண்டியிருந்தது. மழை வந்தது. மழை நின்ற பிறகு ஒரே பந்துதான் மிச்சம், இலக்கோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. பெரிய பலகையில் ஒரு பந்தில் 22 என்று எழுதியிருந்ததை உலகமே பார்த்தது. மழை அதிர்ஷ்டம்தான். ஆனால் நம்மைக் கொன்றது மழையை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று எழுதி வைத்திருந்த விதி. பின்னால் அந்த விதியைத்தான் மாற்றினார்கள், யாரும் மழையைத் தடை செய்யவில்லை.

2003 மார்ச் 3, நம் டர்பனின் கிங்ஸ்மீட் மைதானம். இலங்கையோடு ஆட்டம், மறுபடியும் மழை. இம்முறை ஓவர்வாரியாக எண்கள் எழுதிய தாள் இருந்தது. 229 எடுத்தால் வெற்றி என்று நம்மவர்கள் நினைத்தார்கள். அந்த எண் சமநிலைக்கானது. நம் மட்டையாளர் பௌச்சர் ஒரு சிக்சர் அடித்துவிட்டு கடைசிப் பந்தைத் தட்டி நிறுத்தினார். ஒரு ஓட்டம் எடுத்திருந்தால் போதும். சமநிலை, உலகக் கோப்பையை நடத்திய நாடே வெளியே. அன்று மழையைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் தெரியுமா! எண் கையிலேயே இருந்தது, படித்த விதத்தில்தான் கோளாறு.

அந்த வாத்தியார் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. எண் என்னவென்று இரு பக்கத்துக்கும் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு தோற்றால் தோற்றதுதான்.


லெனேசியாஅக்கா எழுதியது:

ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து இரண்டு பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறேன், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். என் சின்னவள் முதல் சுற்றில் தோற்றால் அந்த நாள் முழுக்க அவளுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலைதான். பொருள் தடையைவிட எனக்கு அதுதான் பெரிய குறை. ஒரே ஆட்டம், தோற்றால் வெளியே என்ற விதியை யார் எழுதியது?

இன்னொன்று. சின்னவளுக்கு குவிக் கிளா பிடிக்கும். அதை வைத்துக்கொண்டு பெரியவனை அவ்வப்போது ஜெயிக்கிறாள். அந்த வெற்றிகளால்தான் அவள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாள். பெரியவர்களின் இறுதிச் சுற்றுக்கு எந்த விதி வேண்டுமானாலும் போடுங்கள், சிறுவர் பிரிவில் கை வைக்காதீர்கள்.


ஓவர்போர்ட்வாசி எழுதியது:

அக்கா சொல்வது சரி. மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும் என்று வைத்தால் பாதிப் புகார் தானே போய்விடும். எங்கள் ஆட்டங்களில் அப்படித்தான்.


நிகழ்தகவுவாத்தியார் எழுதியது:

பாதி போகாது, கொஞ்சம் போகும். ஓர் ஆட்டத்தில் 60 சதவீதம் ஜெயிக்கக்கூடிய திறமைசாலி மூன்றில் இரண்டு என்று வைத்தால் 64.8 சதவீதம், ஐந்தில் மூன்று என்றால் 68.3 சதவீதம். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் மூன்று ஆட்டம் என்பதில் சதவீதத்துக்கு வெளியே ஒரு லாபம் இருக்கிறது: முதல் ஆட்டத்தில் குவிக் கிளாவைப் பார்த்தவன் இரண்டாவதில் அதற்கேற்ப ஆடுவான்.

முதல் ஆட்டத்திலேயே அது தெரிந்திருக்க வேண்டும் என்றால் அணிப் பட்டியலைத் திறந்து வைக்க வேண்டும். ஸ்கார்லட்–வயலட் காலத்தில் அதிகாரப்பூர்வ நேரடிப் போட்டிகளில் இதுதான் நடைமுறை. உட்காரும் முன் இருவரும் பட்டியலை மாற்றிக்கொள்வார்கள். எந்தப் போக்கிமான், என்ன திறன், என்ன பொருள், நான்கு நகர்வுகள், போரின் நடுவே மாறக்கூடிய டெரா வகை, எல்லாம் அதில் இருக்கும். புள்ளிகளை எங்கே கூட்டியிருக்கிறார்கள் என்பது மட்டும் இருக்காது. கத்திநடனம் அந்தப் பட்டியலைப் பார்த்திருந்தால் முதல் முறையே எர்த்குவேக் அடித்திருப்பார் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.


கத்திநடனம் எழுதியது:

பட்டியல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லா இடத்திலும் அப்படியொரு வழி இருக்குமா? குவிக் கிளா இருப்பது தெரிந்தும் எந்த நகர்வும் என்னைக் காப்பாற்றாத நிலைகள் எத்தனையோ உண்டு. இரண்டு பக்கமும் கடைசிப் போக்கிமான், யார் முந்துகிறாரோ அவர் ஜெயிப்பார் என்றால் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விசிறிக்கொள்ளலாம். என் வாக்கு மாறவில்லை.


ஆமைக்காரன் எழுதியது:

அப்போது அது ஐந்தில் நான்கு உன் பக்கம். நானாக இருந்தால் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வேன்.


பினிக்ஸ்தம்பி எழுதியது:

பேச்சோடு பேச்சாக: மின்வெட்டு வந்தால் என்ன விதி? போன முறை நடுவில் விளக்கு போனபோது என் ஆட்டத்தை மறுபடி தொடங்கச் சொன்னார்கள், நான் அப்போது முன்னணியில் இருந்தேன்.


மண்டபப்பொறுப்பு எழுதியது:

ஸ்விட்சில் பேட்டரி இருக்கிறது தம்பி. இம்முறை இணையம் வேண்டாம், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளூர் இணைப்பிலேயே ஆடலாம். வரும்போது முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள். விளக்கு போனால் டார்ச் பிடிக்க நான் இருக்கிறேன்.

எல்லாவற்றையும் படித்துவிட்டு இப்படி முடிவு செய்திருக்கிறேன். தொடக்கத்தில் எல்லோரும் நான்கு சுற்று ஆடுவார்கள், சமமான வெற்றி பெற்றவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் சுவிஸ் முறையில். முதலில் தோற்றாலும் யாரும் வெளியே போக வேண்டியதில்லை, லெனேசியா அக்காவின் குறை தீர்ந்தது. நான்கு பேர் அரையிறுதிக்கு வருவார்கள், அங்கிருந்து மூன்றில் இரண்டு. ஓர் ஆட்டத்துக்கு 20 நிமிட வரம்பு என்று வைத்தாலும் ஆறு மணிக்குள் முடிந்துவிடும், பரிசளிப்பில் யாரும் நீண்ட உரை ஆற்றாவிட்டால்.

பெரியவர் பிரிவில் கிங்ஸ் ராக், ரேசர் ஃபாங், பிரைட் பவுடர் மூன்றும் கூடாது. குவிக் கிளா, ஃபோகஸ் பேண்ட், ஸ்கோப் லென்ஸ் வரலாம். சிறுவர் பிரிவில் எந்தப் பொருளுக்கும் தடை இல்லை. இரண்டு பிரிவிலும் அணிப் பட்டியல் கட்டாயம், இரண்டு படிகள்: ஒன்று எனக்கு, ஒன்று எதிராளிக்கு. தடையை ஆட்டம் தானாகப் பார்த்துக்கொள்ளாது, ஆகவே பட்டியலை வைத்து நானே ஒவ்வோர் அணியையும் சரிபார்ப்பேன். பட்டியலில் ஒன்று, ஸ்விட்சில் வேறொன்று என்றிருந்தால் அந்த ஆட்டம் எதிராளிக்கு.


கத்திநடனம் எழுதியது:

குவிக் கிளாவை விட்டது பிடிக்கவில்லை. வருகிறேன்.


லெனேசியாஅக்கா எழுதியது:

பட்டியலைத் தமிழில் எழுதலாமா? சின்னவள் போக்கிமான் பெயர்களைத் தமிழில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறாள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும்.


மண்டபப்பொறுப்பு எழுதியது:

எழுதட்டும். எதிராளிக்குப் படிக்க வராவிட்டால் அவளே உரக்கப் படித்துக் காட்டட்டும். பெரிய தாளாகக் கொண்டுவாருங்கள். மண்டபத்தில் இருப்பது பாதி அளவுத் தாள்தான்.